மெய் படும் பாடு

முழங்கைக்குக் கீழே, வளையலுக்கு மேலே, ஒரு சாண் தோல். அதில் மயிர் எழுந்து நின்றதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இந்த அத்தியாயம் அந்த ஒரு சாணைப் பற்றியது.

கையின் சொந்தக்காரர் சுண்ணாம்புக்குளத்து ஆயா ஒருவர். பழவேற்காடு ஏரியை ஒட்டி, கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். தவக்காலத்தின் கடைசி வாரங்கள். ஒரு குருமடத்திலிருந்து வேனில் இருபது பிரதர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். ஊரார் வாயில் அவர்கள் ‘சாமியாருக்குப் படிக்கிற பசங்க’. வலை பழுது பார்க்கும் கொட்டகைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. கேட்க வந்தவர்களில் பாதிக்கு மேல் கோயில் மணிக்குப் போகிறவர்கள் அல்ல, ஆடியில் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். ஆயாவும் அந்தக் கட்சிதான். வலையை மடியில் போட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டார்.

பிரதர்கள் நன்றாகவே பாடினார்கள். நாலு குரலாகப் பிரிந்து, டெனர் மேலே ஏற, பேஸ் கீழே பாய் விரிக்க, மாதக்கணக்கில் பழகியது தெரிந்தது. கூட்டம் மரியாதையாகக் கேட்டது. பின்வரிசையில் மூன்று நான்கு வாலிபர்கள் மட்டும் ஒரு இடத்தில் சட்டென்று நிமிர்ந்தார்கள். ஆயாவின் ஊசி நிற்கவில்லை. ஏழெட்டுப் பாட்டுக்குப் பிறகு, குழு அமைதியாக நிற்க, ஒரே ஒரு பிரதர் முன்னால் வந்து, சுருதிப்பெட்டிகூட இல்லாமல், தவக்காலத்தில் பாடும் வியாகுலப் பிரசங்கத்தின் இழுவையில் மாதாவின் புலம்பலை எடுத்தார். இரண்டாவது இழுப்பில் ஊசி நின்றது. கையில் மயிர் எழுந்தது.

“என்னங்க ஆயா, குளிருதா?”

“குளுரா? சித்திர வரப் போவுது, குளுராம். மேலு சிலுத்துக்கினு போச்சு சாமி. எங்க ஆத்தா செத்தன்னிக்கி எங்க பெரிம்மா இப்டித்தான் இழுத்தா.”

ஒரே பாடகர் குழு, ஒரே மாலை, ஒரே கரை. வாலிபர்களுக்கு ஓர் இடத்தில் சிலிர்த்தது, ஆயாவுக்கு வேறோர் இடத்தில். எனக்கு அருகில் இருந்த இன்னொருவர் இரண்டுக்கும் அசையாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டில் ஏதோ இருக்கிறது, அது கேட்பவரைத் தொடுகிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அப்படியானால் அது ஏன் ஆளுக்கு ஆள் இடம் மாறுகிறது?

முதலில் தோல். ஒவ்வொரு மயிரின் வேரிலும் ஒரு நுண்ணிய தசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது சுருங்கினால் மயிர் நிமிரும், வேரைச் சுற்றியுள்ள தோல் புள்ளியாகப் புடைக்கும். இந்தத் தசைக்குக் கட்டளை நம் விருப்பத்திலிருந்து போவதில்லை. இதயத்தை விரைவுபடுத்தும், உள்ளங்கையை வியர்க்க வைக்கும் அதே பரிவு நரம்பு மண்டலம்தான் இதையும் இயக்குகிறது. நாயைக் கண்ட பூனை உடம்பைப் பெரிதாக்கிக் காட்டுவதும், குளிரில் குருவி உப்பிக்கொள்வதும் இதே ஏற்பாடு. நம் உடம்பில் ரோமம் மெலிந்துவிட்டதால் பயன் போயிற்று, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. அழுகையை நடிக்கலாம், கைதட்டலை நடிக்கலாம். மயிர்க்கூச்சை நடிக்க மிக மிகச் சிலரால்தான் முடியும். அதனால்தான் ஆய்வாளர்களுக்கு அது பிடித்துப்போனது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே எழுதி, நகை முதல் உவகை வரை எட்டாக வகுத்தபோது, உள்ளே நடப்பது உடம்பில் ‘படுவதை’த்தான் கணக்கில் எடுத்தார். அந்த வகையில் இந்தத் துறைக்கு நம்மிடம் பெயர் பழையது.

1980-இல் ஸ்டான்ஃபோர்டின் மருந்தியலாளர் அவ்ரம் கோல்ட்ஸ்டைன் ஒரு சோதனை செய்தார். மூளைக்குள் சுரக்கும் எண்டார்ஃபின்களின் வேலையைத் தடுக்கும் நாலாக்சோன் மருந்தைப் பத்துப் பேருக்குச் செலுத்தி, அவரவருக்குச் சிலிர்ப்பூட்டும் இசையைக் கேட்க வைத்தார். மூன்று பேருக்குச் சிலிர்ப்பு குறைந்தது. பத்தில் மூன்று பெரிய எண்ணிக்கை இல்லைதான். ஆனாலும் பாட்டுக்கு எழும் சிலிர்ப்பை ஒரு மருந்தால் தொட முடிகிறது என்று காட்டியதே அந்த நாளில் பெரிய சங்கதி.

இன்னொரு யோசனை, யாக் பாங்க்செப் என்ற நரம்பியலாளருடையது. கூட்டத்திலிருந்து ஒரு தனிக்குரல் பிரிந்து உயரும் இடங்களில் சிலிர்ப்பு அதிகம் வருவதைக் கவனித்தவர், தாயைப் பிரிந்த குட்டியின் அழைப்போடு அதை முடிச்சுப் போட்டார். பிரிந்த குட்டிக்கு வேண்டியது வெப்பம், அந்தக் குரல் கேட்பவரின் உடம்பில் குளிரை எழுப்புகிறது என்பது அவர் கருத்து. கேட்க அழகாக இருக்கிறது. நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏரிக்கரையில் உட்கார்ந்து யோசிக்கும்போது எளிதில் தள்ளிவிட முடியவில்லை. நீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று சூடாக இருக்கும் வேளைகளில் ஒலி மேலே தப்பிப் போகாமல் கீழ்நோக்கி வளைந்து நீர்மட்டத்தோடு ஓடும். அக்கரையில் ஒருவர் கூப்பிடுவது காதருகே கூப்பிட்டது போல் விழும். இருட்டிய பிறகும் திரும்பாத படகுக்காக நீரின் மேல் பெயர் சொல்லிக் கூவுகிற குரலைக் கேட்டு வளர்ந்தவை இந்தக் கரையின் காதுகள்.

பிரதர்களின் நாலு குரல் பாட்டு ஏன் ஆயாவிடம் எடுபடவில்லை என்பதற்கு அவர்கள் மேல் குற்றம் சொல்வதற்கு முன், கட்டடம் இல்லாததைச் சொல்ல வேண்டும். பேரிலேயே சுண்ணாம்பு உள்ள ஊரில் இதைச் சொல்வது பொருத்தமும்கூட. பழவேற்காடு ஏரியின் அடியில் கிளிஞ்சல் படுகைகள் உண்டு. கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சாந்து பூசி இழைத்த சுவரில் ஒலி மோதினால் நூறில் இரண்டு மூன்று பங்கைத்தான் சுவர் விழுங்கும், மீதி அத்தனையும் திரும்பி வரும். ஹார்வர்டின் வாலஸ் சபின் 1890-களின் பிற்பகுதியில், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகத் தூக்கி வந்து ஒரு விரிவுரைக் கூடத்தில் பரப்பிப் பரப்பி, ஒலி அடங்கப் பிடிக்கும் நேரத்தை அளந்தார். அறை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நீளும், விழுங்கும் பரப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு குறையும் என்று ஒரு சூத்திரம் கிடைத்தது. மெத்தை விழுங்கும், திரைச்சீலை விழுங்கும், சனங்களும் விழுங்குவார்கள். காலி மண்டபத்தில் ஒத்திகை பார்த்துவிட்டுக் கல்யாணக் கூட்டத்தில் பாடிய எவருக்கும் இது தெரியும்.

இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாவில் ஒரு சுரம் அடங்கப் பத்து நொடிக்கு மேல் ஆகும். அப்படிப்பட்ட கூடங்களில்தான் தேவாலயக் கூட்டிசை பிறந்து வளர்ந்தது. அங்கே முந்தைய சுரம் இன்னும் சுவரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து சேர்கிறது. அடுத்தடுத்த சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்து, பாடகர் பாடாத ஒரு சேர்க்கை காற்றில் உண்டாகிறது. சொல் மங்கும், ஓசை பெருகும். குரல் எங்கிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாமல் போய், எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதாகத் தோன்றும். பாடகர் குழுவில் பாதி கட்டடம் என்றே சொல்லலாம். ஏரிக்கரையில் அந்தப் பாதி வரவில்லை. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஆறு டெசிபல் போய்விடும், போனது திரும்பாது. இருபது பேர் பாடியும் குரல்கள் ஈர மணலில் விழுந்த மாதிரி விழுந்தன. புலம்பலுக்கோ கட்டடம் வேண்டாம். அது தெருவிலும் பந்தலிலும் பாடுவதற்கென்றே ஆனது.

இது பாதிப் பதில்தான். மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு ஏரியின் மறுபுறத்திலிருந்து உதவி வருகிறது.

வடகிழக்கே, நீருக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் இந்தக் கரையில் சனம் கூடும். முதலில் வெளிச்சம் தெரியும். ஆரஞ்சுக் கோடு மேலே ஏறும். சத்தம் இருக்காது. ஒலிக்கு ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று நொடி. முப்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை நிமிடம். வெளியூர்க்காரர்கள் வெளிச்சத்தைப் படம் பிடித்துவிட்டு அவ்வளவுதான் என்று பேசத் தொடங்குவார்கள். ஊர்ப் பிள்ளைகள் பேச மாட்டார்கள். இன்னும் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு அது நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும்.

2011-இல் மாண்ட்ரியலில் வலோரி சலிம்பூரும் ராபர்ட் சடோரேயும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு இந்த ஒன்றரை நிமிடத்தைத்தான் மூளைக்குள் பார்த்தது. சிலிர்ப்பூட்டும் இசையைக் கேட்கும்போது மூளையின் அடிப்பகுதிக் கருக்களில் டோபமின் சுரக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. சிலிர்ப்புக்குச் சில நொடிகள் முன்பாக, அது வரப்போகிறது என்ற காத்திருப்பில் ஒரு பகுதியில். வந்தே விட்ட கணத்தில் வேறொரு பகுதியில். வெளிச்சத்துக்கும் இடிக்கும் நடுவில் மூச்சைப் பிடித்து நிற்பதற்கும் ஒரு கூலி உண்டு, இடி விழுவதற்கும் ஒரு கூலி உண்டு.

வெளியூர்க்காரருக்கு முதல் கூலி கிடைக்காது. எதற்குக் காத்திருப்பது என்று அவருக்குத் தெரியாதே.

இதற்குப் பத்தாண்டு முன்பு, 2001-இல், ஆன் பிளட்டும் சடோரேயும் செய்த ஆய்வில் ஒரு சாமர்த்தியம் உண்டு, எனக்கு அதுதான் இந்தத் துறையிலேயே பிடித்த விஷயம். இசை பயின்ற பத்துப் பேரிடம் ஆளுக்கொரு பாட்டு கொண்டுவரச் சொன்னார்கள், தவறாமல் மயிர்க்கூச்செறிய வைக்கும் பாட்டாக. ஒப்பிட்டுப் பார்க்கச் ‘சும்மா’ ஒரு பாட்டு வேண்டுமல்லவா? அதற்கு ஒருவருடைய சிலிர்ப்புப் பாட்டையே இன்னொருவருக்குப் போட்டார்கள். வேலை செய்தது. இவருக்கு உயிரை உருக்குவது அவருக்கு வெறும் நல்ல பாட்டு. ஹனோவரில் நடந்த வேறொரு ஆய்வு கிட்டத்தட்ட நம் விஷயமேதான். மொட்சார்ட்டின் ரெக்குயமைக் குழுவாகப் பாடிப் பழகியவர்களுக்கும் பாடாத குழுக்காரர்களுக்கும் அதைப் போட்டுக் காட்டினார்கள். பாடியவர்களுக்கே சிலிர்ப்பு அதிகம். திருப்பம் எங்கே வருகிறது என்று தொண்டைக்கே தெரியும்.

ஆயாவின் பெரியம்மா இழுத்த இழுப்புக்கு அடுத்து குரல் எங்கே உடையும் என்று ஆயாவுக்குத் தெரியும். அந்தப் பிரதருக்கும் அது தெரிந்திருந்தது. அவர் பாடிய வியாகுலப் பிரசங்க மரபு, இலங்கையில் உழைத்த கோவாக்காரர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியின் (1676–1742) எழுத்திலிருந்து கடற்கரைப் பங்குகளுக்குப் பரவியது. சொல் விவிலியத்தினுடையது, இழுவை ஊர் ஒப்பாரிக்கு உறவு. கங்கையம்மன் கோயில்காரருக்கு அதில் அந்நியமாக எதுவும் இல்லை. இழவு வீட்டுக்கு மதம் கிடையாது.

நாலு குரல் சேர்க்கைக்கு இந்த முன்பழக்கம் ஆயாவிடம் இல்லை. நம் இசை நெடுக்காக ஓடுவது. ஒரு சுருதி கீழே நிற்க, மேலே ஒற்றைக் குரல் வளைந்தும் குழைந்தும் போகும். குறுக்காக அடுக்கிய சுரங்கள் இனிமை என்பது உலகப் பொதுவிதி என்று மேற்கில் வெகுகாலம் நம்பினார்கள். 2016-இல் ஜோஷ் மெக்டெர்மட் குழு பொலிவியாவின் அமேசான் காட்டில் சிமானே மக்களிடம் இணக்கமான சேர்க்கைகளையும் முரணானவற்றையும் கேட்கச் செய்தது. இரண்டும் ஒரே அளவு நன்றாக இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். கூட்டாகச் சுரம் அடுக்கிப் பாடும் வழக்கம் அவர்களிடம் இல்லை. காது பிறவியில் வருகிறது, செவி வளர்ப்பில் வருகிறது.

இதை வைத்துக்கொண்டு ‘சேர்க்கை நமக்கு ஒட்டாது, ஒப்பாரிதான் நம் ரத்தத்தில் உள்ளது’ என்று கொடி பிடிக்க வேண்டாம். பின்வரிசை வாலிபர்களை மறந்துவிடக் கூடாது. அவர்கள் நிமிர்ந்தது சேர்க்கை திரும்பிய இடத்தில்தான். அவர்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்தது குருமடம் அல்ல, டீக்கடையும் ஷேர் ஆட்டோவும். நாற்பது ஆண்டுத் திரையிசை தமிழ்க் காதுக்குள் மேற்கத்திய சேர்க்கையைச் சத்தமில்லாமல் ஊற்றிவிட்டது. 2005-இல் இளையராஜாவின் திருவாசகம் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு வந்தபோது, சைவத் திருமுறையை ஹங்கேரிய வயலின்கள் தாங்குவது யாருக்கும் வேற்றுமொழியாக ஒலிக்கவில்லை. அதை முன்னின்று வெளிக்கொணர்ந்தவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பது உபரித் தகவல். பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் ஞாயிறுதோறும் நாலு குரலில் பாடி வளர்ந்த பாட்டிகளுக்கு ஞானப்பாட்டின் கடைசி அடியில் கண் கலங்கும். அவர்களும் ஆயாக்கள்தான்.

குருமடங்களுக்குள்ளேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்றால்தான் பலருக்குத் தெரியும், பாடகர் குழுவின் கையில் பறையைக் கொடுத்தார். மேலைநாட்டு ஞானப்பாட்டு ஒரு பக்கம், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வரும் கருநாடக இராகக் கீர்த்தனை இன்னொரு பக்கம் என்று இருந்த வழிபாட்டில், கிராமத்து மெட்டுக்கு இடம் கேட்டார். அவருடைய வாதம் தலித் விடுதலையின் அரசியல், இறையியல். ஆனால் கேட்பவரைப் பற்றி அவர் வைத்திருந்த கருத்து அறிவியலுக்கும் வேண்டியது. கேட்டவர் கைதட்டிவிட்டுப் போவதில் அவருக்குத் திருப்தி இல்லை. பாட்டைத் தூக்கிக்கொண்டு போய், சொல்லை மாற்றி, தன் சமையலில் போட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்க இசையியலாளர் ஜோயி ஷெரினியன் அவரிடம் பயின்று, 2014-இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அப்பாவு 2005-இல் காலமானார். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்க வைத்து இசையை அளக்கும் ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். வாய் திறக்கக் கூடாது, கால் தட்டக் கூடாது, பக்கத்தில் ஆள் கிடையாது. இப்படி எந்த ஊரில் பாட்டுக் கேட்கிறார்கள்?

வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அளவுகள் உண்டு. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரையும், விடும்போது தளரும். பாட்டு என்பது நீளமாக விடும் மூச்சு. 2013-இல் ஸ்வீடனில் கோத்தன்பர்க்கில் பியோர்ன் விக்ஹாஃப் குழு, சேர்ந்து பாடும் இளைஞர்களின் இதயத் துடிப்பைப் பதிவு செய்தது. ஒரே அடியில் எல்லாரும் மூச்சு வாங்குவதால் இதயங்களின் ஏற்ற இறக்கமும் ஒன்றாயிற்று. அதற்கும் முன்னால், 2001-இல், இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி லத்தீன் ஜெபமாலையையும் ஒரு யோக மந்திரத்தையும் சொல்லச் சொல்லி அளந்தார். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறுக்கு அருகில் வந்து நின்றது. இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் ஏற்பாடு நன்றாக இயங்கும் வேகம் அது. மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை உருட்டும் பெண்களிடமும் ‘ஓம்’ சொல்லுகிறவர்களிடமும் நுரையீரல் வித்தியாசம் பார்ப்பதில்லை.

ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தவரை விட்டுவிட்டேன். அவருக்குக் காது மந்தமில்லை, அன்றைக்கு மீன் விலையை மூன்று வரிசை தள்ளிக் கேட்டுப் பதில் சொன்னார். 2014-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் இப்படிச் சிலரை இனங்கண்டார்கள். கேட்கிறது, தாளம் புரிகிறது, பரிசுப் பணம் கிடைத்தால் மகிழ்கிறார்கள், இசை மட்டும் எதுவும் செய்வதில்லை. நோய் இல்லை. அவர் அந்த வகைதானா, அல்லது அன்றைக்குத் தன் பாடு தப்பிப்போன கவலையா, எனக்கு எப்படித் தெரியும்? இந்த ஏரி ஊர்களில் ‘பாடு’ என்றால் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்ற முறை. தவக்காலத்தில் கிறிஸ்தவர்கள் தியானிப்பதும் பாடுகள்தான். மேடையைப் பார்த்துச் சொன்னால் அதே சொல் ஏவல்.

மறுநாள் காலையில் செல்பேசியில் பதிந்திருந்ததை ஆயாவுக்குப் போட்டுக் காட்டினேன். அந்தக் குட்டி ஒலிபெருக்கியில் பேஸ் குரலின் அடிச்சுரம் வரவே வராது. மேலே உள்ள கிளைச்சுரங்களை வைத்து மூளையே இல்லாத அடியை இட்டுக்கட்டிக்கொள்ளும், அதனால்தான் ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்கிறது. மூளை எவ்வளவு இட்டுக்கட்டினாலும் ஆயாவின் கையில் ஒன்றும் நடக்கவில்லை. “பொட்டியில வர்றது பொட்டியில தான் கீது” என்று சொல்லிவிட்டார்.

புலம்பல் பாடிய பிரதர் அந்த ஊர்ப் பையன். விடியற்காலை வண்டியில் போகாமல் வீட்டில் தங்கியிருந்தவர், அந்தப் பக்கம் வந்தார். பெரியம்மா இழுத்ததைப் பாடிக் காட்டச் சொல்லி ஆயாவிடம் கெஞ்சினார்.

“ஐய, நல்ல நாளும் அதுவுமா ஒப்பாரி பாடச் சொல்றியே, படிச்ச புள்ளையா நீ? ஊட்டுக்கு ஆவாது.”

“சொல்லு வேணாம் ஆயா. ராகம் மட்டும்.”

ஆயா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, வாயைத் திறக்காமல், மூக்காலேயே ஒரு இழுப்பு இழுத்தார். பிரதர் உடைத்த இடத்துக்கு முன்னாலேயே உடைத்து, அவர் எதிர்பார்க்காத ஒரு படி கீழே இறங்கினார். பிரதர் தன் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன்.